68 நாளும் 63 நாளும்



கொல்கத்தாவின் கார்டன் ரீச் என்றதும் இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமாகத்தான் இருக்கும். அது பி.என்.ஆர். (பெங்கால் நாக்பூர் ரயில்வே) என்று அழைக்கப்பட்ட காலந்தொட்டே தமிழ்க் குடும்பங்கள் அந்த ரயில்வேயை நம்பிக் கரக்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் வந்திருக்கின்றன. நான் இன்று பேச வந்திருப்பது அந்த அலுவலக வளாகத்தின் மதிலுக்கு வெளியே உள்ள கார்டன் ரீச்சைப் பற்றி. ஹூக்ளி ஆற்றங்கரையில், கிதிர்பூர் துறைமுகத்தைத் தாண்டி, 1884-இல் தொடங்கிய கப்பல் கட்டும் தளத்தையும் தாண்டிப் போனால் மட்டியாபுர்ஜ் வரும். 1856-இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பறித்துக்கொண்டபோது நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடம் அது. 1887-இல் அங்கேயேதான் இறந்தார். அவர் பின்னால் வந்தவர்களில் தையற்காரர்களும் இருந்தார்கள். இன்று அந்தச் சந்துகளில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிறது. குழந்தைகளுக்கான ஆயத்த ஆடைகள் அங்கே தைக்கப்பட்டு, மட்டியாபுர்ஜ் சந்தை வழியாக நாடெங்கும் போகின்றன. துணியை வெட்டிக் கொடுத்து வேலை வாங்கும் முதலாளிக்கு அங்கே ஒஸ்தாகர் என்று பெயர். பட்டன் வைப்பது, நூல் பிசிறு வெட்டுவது, ஜரிகை ஒட்டுவது எல்லாம் பெண்களின் வேலை. அது வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி.

மதிலுக்கு உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு ரயில்வே மருத்துவ அட்டை உண்டு, ரயில்வேயின் மத்திய மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் உண்டு. மதிலுக்கு வெளியே இருக்கும் தையற்காரர் மனைவிக்கு மாநகராட்சியின் வார்டு சுகாதார நிலையம் உண்டு, அரசுப் பொது மருத்துவமனை உண்டு, பெரிய சிக்கல் என்றால் பஸ் ஏறி எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனைக்குப் போகலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தெருமுனை மருந்துக்கடை உண்டு. தன் உடம்பைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் அவள் போகிற இடம் அதுதான். கூடவே வார்டில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணிப்பெண் ஒருத்தி.

பெருந்தொற்றுக் காலத்தில் பாலியல் நலமும் இனப்பெருக்க நலமும் என்ன ஆயின என்ற கேள்விக்கு, மருத்துவமனைகள் மூடியிருந்தனவா திறந்திருந்தனவா என்று பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. ஒரு பெண் மருத்துவரிடம் போய்ச் சேர, கட்டடம் திறந்திருந்தால் மட்டும் போதாது. வெளியே போக ஒரு சாக்கு வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும், கையில் காசு வேண்டும், வண்டி வேண்டும், யாரும் கேட்காமல் பேச ஐந்து நிமிடம் வேண்டும். இவை அத்தனையும் குறிப்பிட்ட நாளுக்குள் கூடிவர வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் இன்று நான் அழுத்திச் சொல்ல வந்திருக்கிறேன். கண்புரை அறுவை சிகிச்சையை மூன்று மாதம் தள்ளிப்போட்டால் மூன்று மாதம் கழித்து அதே சிகிச்சையைச் செய்துகொள்ளலாம். கருவைத் தள்ளிப்போட முடியாது. இங்கே தாமதமும் மறுப்பும் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை, நாடு தழுவிய ஊரடங்கின் நான்கு கட்டங்கள் சேர்ந்து 68 நாள். மேற்கு வங்கம் கொல்கத்தாவை மார்ச் 23 மாலையே மூடிவிட்டது. அதைச் சேர்க்காமல் 68. கருக்கலைப்பு மாத்திரைகளை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்திருப்பது 63 நாள் கருவரை. அன்று நடப்பிலிருந்த சட்ட விதிகளோ 49 நாள் என்றே சொல்லின. மார்ச் 25 அன்று நாள் தள்ளிப்போனதை உணர்ந்த ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குவதால், அன்று அவளுக்கு ஏற்கெனவே 28 நாள். ஏப்ரல் 29-இல் 63 நாள் முடிந்துவிடும். அதற்குள் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கியிருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே முடிந்திருக்கக்கூடிய விஷயம். மே 31 அன்று, ஊரடங்கு தளர்ந்து அவள் வெளியே வரும்போது, 95 நாள். அதாவது 13 வாரமும் 4 நாளும். 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டப்படி அன்று 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதுமானதாக இருந்தது, அதற்கு மேல் இரண்டு மருத்துவர்கள் வேண்டியிருந்தது. மாத்திரை அளவில் இருந்த தேவை, அவள் ஒரு தவறும் செய்யாமலே, மருத்துவமனை, மயக்க மருந்து, இரு கையெழுத்து என்று வளர்ந்துவிட்டது.

வேறு கெடுக்களும் உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கவும் 72 மணி நேரம். அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் தரப்படும் 'அந்தரா' கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஜனவரியில் போட்டுக்கொண்டவளுக்கு ஏப்ரலில் அடுத்த ஊசி. ஏப்ரலில் அவள் எந்தச் சாக்குச் சொல்லி வெளியே போவாள்?

அரசு இதை மறந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2020 ஏப்ரல் 14 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு, பேறுகாலக் கவனிப்பையும் இனப்பெருக்க நலத்தையும் இன்றியமையாச் சேவைகளில் சேர்த்தது. மே மாதம் இதற்கென்றே இன்னொரு குறிப்பும் வந்தது. தாளில் அது இருந்தது. ஆனால் அதே காலத்தில் அரசு நிலையங்களில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் காப்பர்-டி பொருத்துவதும் நிறுத்தி வைக்கப்பட்டன. நம் நாட்டில் கருத்தடை என்றால் பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யும் அறுவை சிகிச்சைதான். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அதைச் செய்துகொண்டவர்கள். ஆண்டுக்கணக்காக ஒரே முறையின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றி வைத்துவிட்டு, அந்த ஒன்றை நிறுத்தும்போது மாற்றாக என்ன தருவது என்று நாம் யோசித்து வைக்கவில்லை. மாற்றாகச் சொல்லப்பட்ட ஆணுறைக்கும் அப்போது தட்டுப்பாட்டு அச்சம் இருந்தது. உலகில் ஐந்தில் ஓர் ஆணுறையைத் தயாரிக்கும் மலேசியாவின் கேரெக்ஸ் நிறுவனம் அந்த மார்ச்சில் ஆலைகளை மூட வேண்டியிருந்தது.

மருந்துக்கடைக்கு வருகிறேன். இந்தியாவில் 2015-இல் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குழும இதழொன்றில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலம் நடந்தவை. மருத்துவச் சீட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாலான பெண்கள் கண்ட வழி. கணவனையோ அண்ணனையோ அனுப்பியும் வாங்குவார்கள். இந்த வழி எவ்வளவு குறையுடையது என்று மருத்துவர்களுக்குத் தெரியும். எத்தனை நாள் கரு என்று கேட்பாரில்லை, ரத்தப்போக்கு அதிகமானால் எங்கே போவது என்று சொல்வாரில்லை. ஆனால் இந்த நாட்டின் கருக்கலைப்புச் சேவையை இதுவரை தாங்கி நின்றது அந்தக் குறைபட்ட வழிதான். அது அடைபட்டபோது என்ன ஆனது என்று ஐபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் 2020 மே மாதம் ஒரு மதிப்பீடு தந்தது. மார்ச் 25-இலிருந்து மூன்று மாதத்தில் நடந்திருக்க வேண்டிய 39 லட்சம் கருக்கலைப்புகளில் 18.5 லட்சம், அதாவது 47 விழுக்காடு, உரிய நேரத்தில் உரிய இடத்தில் கிடைக்காமல் போயிருக்கும் என்றது. இதில் பெரும்பங்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்காமல் போனதால் என்றும் கணக்கிட்டது. எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா என்ற அமைப்பு, கருத்தடை கிடைக்காமல் போகும் இணையர் இரண்டரைக் கோடிக்கும் மேல் இருப்பார்கள் என்றது.

இவை மாதிரிக் கணக்குகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2020 ஏப்ரலில், ஆறு மாதம் சேவை தடைப்பட்டால் 114 நாடுகளில் 4 கோடியே 70 லட்சம் பெண்கள் கருத்தடைச் சாதனங்களை இழப்பார்கள், 70 லட்சம் வேண்டாக் கர்ப்பங்கள் நேரும் என்றது. ஓராண்டு கழித்து அதே நிதியம் திருத்திச் சொன்ன கணக்கு: 115 நாடுகளில் 1 கோடியே 20 லட்சம் பெண்கள், 14 லட்சம் வேண்டாக் கர்ப்பங்கள், சராசரித் தடை 3.6 மாதம். அஞ்சியதைவிடக் குறைவு என்று சிலர் ஆறுதல் அடைந்தார்கள். எனக்கு அந்த 3.6 மாதம் என்ற எண்ணில் ஆறுதல் இல்லை. 3.6 மாதம் என்பது நூற்றெட்டு நாள். முன்னே போட்ட 63 நாள் கணக்கோடு அதை வைத்துப் பாருங்கள்.

கார்டன் ரீச்சுக்கு என்று தனி எண் உண்டா என்றால், என் கைக்கு எட்டியவரை இல்லை. மேற்கு வங்கத்தில் ஐந்தாவது குடும்பநல ஆய்வின் களப்பணி 2019-இலேயே முடிந்துவிட்டது. ஆகவே அந்த மாநிலத்தின் அடிப்படை எண்கள் எல்லாம் பெருந்தொற்றுக்கு முந்தியவை. (தமிழ்நாட்டில் களப்பணி நடுவில் நின்று, பிறகு தொடர்ந்தது.) அந்த முந்திய எண்களே போதுமான கவலை தருகின்றன. 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் மேற்கு வங்கத்தில் 41.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8. மேற்கு வங்கத்துப் பெண்களில் 71.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இளவயதில் மணமாகி, உடம்பில் ரத்தமில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் தடைப்படுவதும் மற்றவர்களுக்குத் தடைப்படுவதும் ஒன்றாகாது.

இனி அந்தச் சந்துகளுக்குள் போவோம். 2020-இல் ரம்ஜான் நோன்பு ஏப்ரல் கடைசியில் தொடங்கி, மே 25 அன்று ஈத் வந்தது. மட்டியாபுர்ஜ் தையற்காரர்களுக்கு ஈத் சீசன் ஆண்டின் பெரிய அறுவடை. அந்த ஆண்டு சந்தை கூடவில்லை. தைத்த துணி கட்டுக் கட்டாகக் கிடந்தது, துண்டுக்கூலி நின்றது. ஈத்துக்கு ஐந்து நாள் முன்பு, மே 20 அன்று, ஆம்பான் புயல் கொல்கத்தாவைப் புரட்டிப் போட்டது. மின்சாரமும் தொலைபேசியும் போயின. பெண்ணின் கையில் தனக்கென்று இருந்த சில நூறு ரூபாயும் போன மாதங்கள் இவை. ஒற்றை அறை வீடுகளில் ஆண்கள் நாள் முழுக்க இருந்தார்கள். யாரும் இல்லாத பகல் வேளை என்று ஒன்று இருந்ததே, பக்கத்து வீட்டு அக்காவிடம் ரகசியம் பேசவும் பணிப்பெண்ணிடம் மாத்திரை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கவும் உதவிய வேளை, அது காணாமல் போனது. கணவன் கைப்பேசியை வாங்கி மருத்துவரிடம் பேசலாம் என்று அறிவுரை சொல்வது எளிது. பேச வேண்டியதே கணவனுக்குத் தெரியக்கூடாத செய்தி என்றால்?

போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே 31-உடன் எல்லாம் திறந்துவிடவில்லை. ஜூலை 23-இலிருந்து மேற்கு வங்கத்தில் வாரத்தில் சில நாள் முழு ஊரடங்கு வந்தது. பிரேஸ் பிரிட்ஜ், சந்தோஷ்பூர் நிலையங்கள் வழியாக நகருக்குப் போகும் பஜ்பஜ் லோக்கல் உட்படப் புறநகர் ரயில்கள் 2020 நவம்பர் 11 அன்றுதான் மறுபடி ஓடின. இரண்டாம் அலையில் 2021 மே மாதம் மறுபடி நிறுத்தி, அக்டோபர் 31-இல் விட்டார்கள். மே 2020-இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி முழுக்கக் கோவிட் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. மற்ற நோயாளிகளுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டு அங்கே ஜூலையில் போராடியவர்கள் பயிற்சி மருத்துவர்கள். அந்த இளைஞர்களை நான் மதிக்கிறேன். வேலைப்பளு குறையட்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, கூட்டுங்கள் என்று கேட்டார்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களுக்கும் பாதை நேராக இல்லை. தொற்றுப் பகுதியிலிருந்து வரும் கர்ப்பிணிகளை, ஐந்து நாளுக்குள் பேறு எதிர்பார்க்கப்பட்டால், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும் என்று ஏப்ரல் 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. நோக்கம் நல்லது. ஆனால் சோதனை முடிவு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்ற மறுப்பாக அது பல இடங்களில் மாறியது. பரிசோதனைக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக்கூடாது என்று மே 18 அன்று அதே கழகம் எழுத்தில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், ஜூன் 5 அன்று, தில்லியை ஒட்டிய நொய்டா, காசியாபாத் பகுதியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் எட்டு மருத்துவமனைகளுக்கு அலைந்து 13 மணி நேரத்துக்குப் பின் ஆம்புலன்ஸிலேயே இறந்தார். தில்லி தப்லீகி மாநாட்டில் தொற்று பரவியது என்ற செய்திகளுக்குப் பிறகு முஸ்லிம்கள் மேல் விழுந்த பழிச்சொல்லையும் இங்கே மறக்க முடியாது. மட்டியாபுர்ஜ் முகவரியோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் பெண் அந்தப் பழியையும் சுமந்துகொண்டே நின்றிருப்பாள்.

நம் ஊருக்கு இது அந்நியமான கதை என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னையில் அந்த மே, ஜூன் மாதங்களில் தொற்று மிகுந்திருந்த மண்டலம் ராயபுரம். துறைமுகத்தை ஒட்டிய, நெருக்கமான, உழைப்பாளர் பகுதி. ஆனால் ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. வடசென்னைப் பெண்ணுக்கு அது நடந்து போகும் தூரம். அவள் பாட்டிக்கும் அதுதான் மருத்துவமனை. ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனைகளில் நடந்தன, மேற்கு வங்கத்தில் 91.7. தாய் இறப்பு விகிதம் 2018-20 கணக்கில் லட்சம் பேறுக்குத் தமிழ்நாட்டில் 54, மேற்கு வங்கத்தில் 103. பெருமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. பேறுகால மருத்துவத்தில் நாம் கட்டிவைத்ததைக் கருத்தடையிலும் கருக்கலைப்பிலும் கட்டவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை மருந்துக்கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். மணமாகாத ஒரு பெண் கேட்டால் கடைக்காரர் முகம் என்னவாகிறது என்றும் பாருங்கள். பிள்ளை பெறப் போகிறவளை மதிக்கும் நம் மருத்துவம், பிள்ளை வேண்டாம் என்பவளை இன்னும் வாசலிலேயே நிறுத்துகிறது.

தொற்றுநோயும் பெண்ணுடலும் கார்டன் ரீச்சில் முதல்முறை சந்தித்தது 2020-இல் இல்லை. மொரீஷியஸுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் சுரினாமுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் இந்தக் கரையிலிருந்துதான் புறப்பட்டன. கூலிகளை அடைத்து வைத்த டிப்போக்கள் இங்கேதான் இருந்தன. சுரினாம் காட் என்ற படித்துறை இன்றும் உண்டு, 2015-இல் அங்கே ஒரு நினைவுச்சிலை வைத்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது விதி. கப்பலேறும் முன் மருத்துவச் சோதனை நடக்கும். உழைப்புக்கு உடம்பு உதவுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அதே காலத்தில், 1868-இல், வெள்ளைச் சிப்பாய்களைப் பால்வினை நோயிலிருந்து காக்க அரசு ஒரு சட்டம் போட்டது. அந்த ஆண்டின் 14-ஆம் சட்டம். பாலியல் தொழில் செய்வதாகக் கருதப்பட்ட பெண்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டாயப் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் பூட்டிய மருத்துவமனையில் இருக்க வேண்டும். விளைவு என்ன? பெண்கள் கொல்கத்தா நகர எல்லையைத் தாண்டி ஓடினார்கள். 1888-இல் சட்டத்தை நீக்கினார்கள். மருத்துவரோடு போலீஸ்காரரும் சேர்ந்து வந்தால் நோயாளி ஒளிந்துகொள்வாள் என்று இந்த நகரம் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. 2020-இல் தெருவுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, எங்கே போகிறாய் என்று போலீஸ்காரர் கேட்டபோது, கருத்தடை ஊசிக்குப் போகிறேன் என்று எந்தப் பெண் பதில் சொல்லியிருப்பாள்?

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவரும் இதே நகரத்தில் இருந்தார். டாக்டர் ஸ்மரஜித் ஜானா, அகில இந்தியச் சுகாதார மற்றும் பொதுநலக் கழகத்தில் தொற்றுநோயியல் அறிஞர். 1992-இல் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதிக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்குப் போனவர், அங்குள்ள பெண்களையே பயிற்றுநர்களாக்கினார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் கேட்டவற்றில் ஆணுறை முதலிடத்தில் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு, போலீஸ் தொல்லையிலிருந்து விடுதலை என்று கேட்டார்கள். 1995-இல் அவர்களின் அமைப்பாகத் துர்பார் மகிளா சமன்வய சமிதி உருவானது, உஷா கூட்டுறவுச் சங்கம் உருவானது. கார்டன் ரீச்சுக்குப் பக்கத்திலேயே, கிதிர்பூர் துறைமுகத்தை ஒட்டிய பகுதியிலும் பாலியல் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். ஊரடங்கில் அவர்கள் வருமானம் ஒரே நாளில் நின்றது. ரேஷன் அட்டை இல்லாதவர்கள் பலர். புத்ததேவ் கர்மஸ்கர் எதிர் மேற்கு வங்க அரசு என்ற வழக்கு, கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்டதிலிருந்து பிறந்தது. அதே வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அடையாள ஆவணம் கேட்காமல் இவர்களுக்கு உணவுப்பொருள் கொடுங்கள் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. பாலியல் நலம் பற்றிய உரையில் அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அரிசி இருந்தால்தான் ஆணுறை போடாத வாடிக்கையாளரை மறுக்க முடியும். ஜானா இதை ஏறக்குறைய முப்பது ஆண்டு சொல்லிவந்தார். 2021 மே 8 அன்று கொரோனாவே அவரைக் கொண்டுபோனது.

அந்த மே மாதம்தான் கர்ப்பிணிகளுக்கும் மிகக் கொடிய மாதம். தடுப்பூசி 2021 ஜனவரி 16-இல் தொடங்கியபோது கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் விலக்கி வைத்தார்கள். தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. பாலூட்டும் தாய்மாருக்கு மே 19-இல் அனுமதி. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-இல். இரண்டாம் அலை ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் தொட்டு இறங்கிவிட்டிருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் இருந்த தொற்றுற்ற கர்ப்பிணிகளிலும் புதுத் தாய்மாரிலும், முதல் அலையில் இறந்தவர்கள் 0.7 விழுக்காடு, இரண்டாம் அலையில் 5.7. பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒதுக்கி வைத்தவர்களை நாம் பாதுகாப்பில்லாமல் விட்டோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வேறு வழி இருந்தது. 2020 மார்ச் 30 அன்று இங்கிலாந்து, பத்து வாரத்துக்கு உட்பட்ட கருவைக் கலைக்கத் தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை பெற்று, இரண்டு மாத்திரைகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதித்தது. பிறகு 52,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். காத்திருப்பு சராசரி 4.2 நாள் குறைந்திருந்தது, பாதுகாப்பு குறையவில்லை. 2022-இல் அதை நிரந்தரச் சட்டமாக்கினார்கள். இந்தியாவும் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை அறிவித்தது 2020 மார்ச் 25 அன்றுதான், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில். ஆனால் கருக்கலைப்புச் சட்டம் இடத்தையும் மருத்துவர் முன்னிலையையும் கட்டிப்பிடித்து எழுதப்பட்டது. தொலைபேசிக்கு அதில் வழியில்லை. பெருந்தொற்றின் நடுவே, 2021-இல், அந்தச் சட்டத்தைத் திருத்தினோம். சில வகைப் பெண்களுக்கு 20 வாரம் 24 ஆனது, கணவன் என்ற இடத்தில் இணையர் என்று வந்தது, விதிகளில் மாத்திரைக்கு 9 வாரம் என்று ஆனது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் 24 வார உரிமையைத் தந்தது. எல்லாமே நல்ல படிகள்தான். வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்ணின் நிலையை மட்டும் அவை எதுவும் தொடவில்லை.

எபோலா நமக்கு முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தது. 2014-15-இல் சியரா லியோனில் பெண்கள் மருத்துவமனைக்கு வர அஞ்சியதால் கூடுதலாக நேர்ந்த தாய், சிசு இறப்புகளும் இறந்து பிறந்த குழந்தைகளும் சேர்ந்து சுமார் 3,600 என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எபோலாவால் அந்நாட்டில் இறந்தவர்கள் எண்ணிக்கைக்கு அது அதிகம் குறைவில்லை. 2017-இல் அச்சான ஆய்வு. நம் திட்டக்காரர்கள் மேசையில் மூன்றாண்டு இருந்தது.

இனி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, நான் மறுபடி கார்டன் ரீச்சின் வார்டுகளுக்கே போகிறேன். கார்டன் ரீச் 1984-இல் கொல்கத்தா மாநகராட்சியோடு இணைந்தது. இன்று அது பெரும்பாலும் 15-ஆம் போரோ என்ற வார்டுத் தொகுதிக்குள் அடங்குகிறது. மாநகராட்சியின் சுகாதாரப் பணிப்பெண்கள் 2020-இல் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு எடுத்தார்கள். மருத்துவமனை எட்டாத வீடுகளுக்கு எட்டியவர்கள் அவர்கள் மட்டுமே. அந்த வாசலில் நின்றபோது அவர்கள் கையில் காய்ச்சல் படிவம் இருந்தது. கர்ப்பப் பரிசோதனைக் கருவியும் கருத்தடை மாத்திரையும் இருந்திருக்கலாம். ஒரே நடைதான், ஒரே கதவுதான். நாடெங்கும் ஆஷா என்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்களிடம் 'நிஸ்சய்' கர்ப்பப் பரிசோதனைக் கருவியைக் கொடுத்திருக்கிறோம். ஆக, பொருள் இருக்கிறது, ஆளும் இருக்கிறாள். அடுத்த ஊரடங்கு ஆணை எழுதப்படும் அன்றே, அவள் பையில் மூன்று மாதத்துக்கான மாத்திரையும் ஆணுறையும் பரிசோதனைக் கருவியும் இருக்க வேண்டும் என்று அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். எந்த மருத்துவமனையில் எந்த நாளில் கருக்கலைப்பு மருத்துவர் இருப்பார் என்ற பட்டியல் அவளிடம் இருக்க வேண்டும். அவளோடு வரும் பெண்ணிடம் காவலர் காரணம் கேட்கக்கூடாது. கருக்கலைப்புச் சட்டத்தில், ஊரடங்கில் தொலைபேசி ஆலோசனை செல்லும் என்று ஒரு வரி சேர வேண்டும். தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளுக்கு முதலிலிருந்தே இடம் வேண்டும்.

இத்தனையையும் யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு விருது கொடுத்தது, நாடே கைதட்டியது. அவர்கள் இன்றும் தன்னார்வலர் என்ற பெயரில், ஊக்கத்தொகைக்கு வேலை பார்க்கிறார்கள். கொல்கத்தாவின் வார்டுப் பணிப்பெண்களுக்கும் கிடைப்பது மதிப்பூதியம்தான். பெருந்தொற்றுத் திட்டம் என்று எந்த மாநகராட்சி ஆவணம் கொண்டுவந்தாலும் நான் முதலில் தேடுவது இவர்களுக்கான சம்பளத் தலைப்பை. அந்தத் தலைப்பில் தொகை இல்லாத ஆவணத்தை, அடுத்த 63 நாளுக்கான திட்டமாக என்னால் ஏற்க முடியாது.